டெஸ்ட் டிரைவர் வேலைக்கு ரகசிய ஒப்பந்தம்: அப்படியே போடறதா, மறுக்கறதா, திருத்தி போடறதா?

போன வெள்ளிக்கிழமை ராத்திரி எங்க அக்கா பையன் வாட்ஸ்அப்ல 14 பக்க பிடிஎஃப் ஒண்ணு அனுப்பினான். கீழ ஒரே ஒரு வரி, "மாமா இத படிச்சுட்டு சொல்லுங்க, திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்து போட்டு அனுப்பணுமாம்". மெக்கானிக்கல் டிப்ளமோ முடிச்சவன், ரெண்டு வருஷமா கோயம்புத்தூர்ல ஒரு சர்வீஸ் சென்டர்ல இருந்தான், இப்போ தானா ஓடற கார் சாஃப்ட்வேர டெஸ்ட் பண்ற ஒரு கம்பெனில டெஸ்ட் டிரைவர் வேலை வந்திருக்கு, அதுவும் நேரடியா இல்ல, நடுவுல ஒரு ஏஜென்சி மூலமா. சம்பளம் இப்போ வாங்கறத விட பன்னெண்டாயிரம் அதிகம். வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான், ஆனா ஆறாவது பக்கத்த படிச்சதும் போன கீழ வச்சுட்டேன்.

ஏன்னா அதே மாதிரி ஒரு பேப்பர்ல நான் கையெழுத்து போட்டவன். கோத்தகிரில 11 வருஷம் டூரிஸ்ட் டாக்சி ஓட்டிட்டு, அப்புறம் ஒன்றரை வருஷம் வேற ஒரு கம்பெனிக்கு இதே டெஸ்ட் டிரைவர் வேலை பாத்தேன். அவனுக்கு போன்ல சொன்னத இங்க முழுசா எழுதறேன், இப்போ நம்ம நீலகிரி மலைக்கு இந்த மாதிரி வண்டிங்க வர ஆரம்பிச்சிருக்கு, இந்த வேலைக்கு கூப்பிடறதும் நம்ம டாக்சி டிரைவர் பசங்களத்தான்.

முதல்ல வேலை என்னன்னு தெரியாதவங்களுக்கு. டிரைவர் இல்லாத காரே இந்தியாவுக்குள்ள விடமாட்டேன்னு மத்திய மந்திரி நிதின் கட்கரி பல தடவை சொல்லிட்டாரு, டிரைவர்ங்க வேலை போயிடும்னு காரணம் சொல்லி. அதனால இங்க ஓடறது முழு ஆட்டோமேட்டிக் வண்டி இல்ல, டிரைவருக்கு உதவற சிஸ்டம். லேன்ல வண்டிய பிடிச்சு வைக்கறது, முன்னாடி போற வண்டிக்கு ஏத்த மாதிரி வேகத்த குறைக்கறது, எதாவது குறுக்க வந்தா தானா பிரேக் போடறது. 2021ல வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி700 மாதிரி வண்டிகள்லயே இதெல்லாம் கடைல விக்கறாங்க. டெஸ்ட் டிரைவர் என்ன பண்ணணும்னா சீட்ல உக்காந்து, கை ஸ்டியரிங் பக்கத்துலயே இருக்க, சிஸ்டம் ஓட்டறத பாத்துட்டே இருக்கணும், தப்பா போனா பிடிங்கி ஓட்டணும், பிடிங்கினதும் ஒரு பட்டன அமுக்கணும், அது வண்டியோட கம்ப்யூட்டர் லாக்ல பதிவாகும். பக்கத்து சீட்லயோ பின் சீட்லயோ ஒரு இன்ஜினியர் லேப்டாப்போட உக்காந்திருப்பாரு.

மலைக்கு ஏன் கொண்டு வர்றாங்கன்னா மலைதான் அதுக்கு பெரிய பரீட்சை. பைபாஸ்ல வெள்ளைக்கோடு நேரா இருக்கும், கேமரா அத பிடிச்சுட்டே போயிடும். இங்க எஸ்டேட் ரோட்ல கோடே கிடையாது, ஹேர்பின்ல திரும்பறப்போ கேமராவுக்கு எதிர்ல ரோடே தெரியாது, தடுப்புச்சுவர் மட்டும்தான் தெரியும், காலைல மேகம் இறங்கி லென்ஸ் மேல ஈரம் படிஞ்சுடும், காட்டுமாடு நடுரோட்ல கல்லு மாதிரி நிக்கும், ஏறி வர்ற வண்டிக்கு இறங்கற வண்டி நின்னு வழி விடணும்ங்கற மலை வழக்கம் எந்த சாஃப்ட்வேருக்கும் தானா தெரியாது.

இப்போ ஆறாவது பக்கம். அதுல இருந்த வாசகத்த நம்ம தமிழ்ல போட்டா இப்படி வரும்: வேலை செய்யும்போது தெரிய வர்ற எந்த தகவலையும், பழுது, சம்பவம், விபத்து உட்பட, கம்பெனியோட எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாம எந்த மூன்றாம் நபர்கிட்டயும் சொல்லக் கூடாது, மீறினா 5 லட்சம் ரூபாய் கட்டணும், வேலைய விட்டு போனப்புறமும் 3 வருஷத்துக்கு இது பொருந்தும். அந்த "விபத்து உட்பட"ங்கற ரெண்டு வார்த்தைதான் எனக்கு தொண்டைல சிக்குச்சு. மூன்றாம் நபர்னா யாரு? போலீஸும் மூன்றாம் நபர்தான். டாக்டர், இன்சூரன்ஸ்காரர், கோர்ட்டு, எல்லாரும்தான். ரோட்ல அடிபட்டு கிடக்கறவனும் அந்த பேப்பர் கணக்குல மூன்றாம் நபர்.

கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கு, அத மறுக்க மாட்டேன். கோடிக்கணக்குல செலவு பண்ணி எழுதின சாஃப்ட்வேர் கோடு, இன்னும் மார்க்கெட்டுக்கு வராத மாடல், மேப், கேமரா ரெக்கார்டிங், இதெல்லாம் போட்டி கம்பெனி கைக்கு போகக் கூடாதுன்னு நினைக்கறது தப்பில்ல. அதுக்கு கையெழுத்து கேட்டா கண்ண மூடிட்டு போடலாம். பிரச்சினை என்னன்னா தொழில் ரகசியத்தயும் விபத்தயும் ஒரே மூட்டைல கட்டிடறாங்க. நான் யோசிச்ச வரைக்கும் அவனுக்கு முன்னாடி அஞ்சு வழி இருக்கு.

முதல் வழி, எல்லாரும் போடறதுதானேன்னு அப்படியே கையெழுத்து போடறது. நான் அதத்தான் பண்ணேன். அது எங்க கொண்டு போய் விட்டுச்சுன்னு சொல்றேன்.

நாலு மாசத்துக்கு முன்னாடி, காலைல ஆறரை மணி இருக்கும், அரவேணு தாண்டி குஞ்சப்பனை பக்கம் இறங்கிட்டு இருக்கோம், சிஸ்டம் ஆன்ல இருக்கு, வேகம் 25 கூட இல்ல. ஒரு வளைவுல எதிர்ல வண்டியும் இல்ல மாடும் இல்ல ஒண்ணும் இல்ல, வண்டி டக்குனு முழு பிரேக் போட்டுச்சு. வளைவுல நேரா தெரிஞ்ச தடுப்புச்சுவர, ரோட்ல குறுக்க நிக்கற பொருள்னு எடுத்துக்கிச்சு, முன்னாடி வாரத்துலயும் ரெண்டு தடவை அப்படி பண்ணியிருக்கு, ரெண்டுக்கும் பட்டன் அமுக்கி பதிவு பண்ணியிருக்கேன். அன்னிக்கு பின்னாடி ஒரு ஸ்கூட்டி வந்துட்டு இருந்துச்சு. டீ பேக்டரில நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வீட்டுக்கு போறவரு, அம்பது வயசு இருக்கும். பம்பர்ல இடிச்சு வலது பக்கமா விழுந்தாரு. நான் கதவ திறந்து ஓடறேன், அவரோட டிபன் பாக்ஸ் மூடி தனியா உருண்டு போய் ஓரத்து கால்வாய்ல விழுந்துச்சு, மிச்சம் இருந்த தயிர் சோறு ரோட்ல கொட்டிக் கிடக்கு, அவரு முட்டிய பிடிச்சுட்டு "என்னங்க, ஏனுங்க நிறுத்துனீங்க, என்ன வந்துச்சு" அப்படின்னு கேக்கறாரு. நான் திரும்பி பாக்கறேன், எங்கூட வந்த இன்ஜினியர் தம்பி இன்னும் இறங்கல, முதல்ல லேப்டாப்ப மூடறான். கெட்ட பையன் கிடையாது, அவனுக்கு சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அதுதான், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்கு நாங்கதான் கூட்டிட்டு போனோம், மருந்து செலவு கம்பெனி குடுத்துச்சு, அத சொல்லணும். ஆனா போன் வந்துச்சு, "சிஸ்டம் பத்தி எதுவும் பேசாதீங்க, அக்ரிமெண்ட் ஞாபகம் இருக்கட்டும், உள் விசாரணை முடியட்டும்". ஸ்டேஷன்ல என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. வளைவுல பிரேக் போட்டேன், பின்னாடி வந்தவரு இடிச்சாருன்னு சொன்னேன். நான் சொன்னத வச்சு, பின்னால் வந்தவர் போதிய இடைவெளி விடாமல் வந்து மோதியதாக எழுதினாங்க, நான் கையெழுத்து போட்டேன். பொய் சொல்லல. ஆனா பிரேக் போட்டது நான் இல்லங்கற ஒரே ஒரு விஷயத்த சொல்லல. அந்த ஒண்ணு இல்லாததால தப்பு முழுக்க அவரு தலைல போச்சு. வண்டி ரிப்பேர் அவரு காசு, மூணு வாரம் வேலைக்கு போகாத கூலி நஷ்டமும் அவருது. அந்த பேப்பர்ல கையெழுத்து போட்டது நானு, அதுக்கு விலை குடுத்தது கையெழுத்தே போடாத அந்த மனுஷன்.

அக்கா பையன்கிட்ட திரும்ப திரும்ப சொன்னது இதத்தான். நீ வாய மூடிக்கிட்டா விபத்து மறைஞ்சு போயிடாதுடா கண்ணா, அதுக்கு ஒரு காரணம் எழுதித்தான் ஆகணும், உண்மையான காரணம் பூட்டிக் கிடந்தா பக்கத்துல யாரு கிடைக்கறாங்களோ அவங்க பேருதான் வரும். சில சமயம் அது நீயாவே இருக்கும். 2018 மார்ச் 18, அமெரிக்காவுல அரிசோனா மாநிலம் டெம்பேல ஊபரோட டெஸ்ட் கார் ராத்திரில சைக்கிள தள்ளிக்கிட்டு ரோட்ட கடந்த ஒரு அம்மாவ இடிச்சு அவங்க இறந்துட்டாங்க. அந்த சாஃப்ட்வேர் 5.6 செகண்டுக்கு முன்னாடியே எதோ இருக்குன்னு கண்டுபிடிச்சிருச்சு, ஆனா வண்டியா, சைக்கிளா, வேற எதாவதான்னு மாத்தி மாத்தி நினைச்சுட்டே இருந்துச்சு, ஆளுன்னு புரிஞ்சுக்கவே இல்ல. அந்த வால்வோ கார்ல கம்பெனிலயே வந்த தானியங்கி பிரேக்கும் சாஃப்ட்வேர் ஓடறப்போ வேலை செய்யாத மாதிரி வச்சிருந்தாங்க. விசாரிச்ச அமெரிக்க போக்குவரத்து பாதுகாப்பு வாரியம் 2019 நவம்பர்ல கம்பெனியோட பாதுகாப்பு பழக்கமே போதாதுன்னு சொல்லுச்சு. ஆனா கிரிமினல் கேஸ் யார் மேல? கம்பெனி மேல இல்ல. சீட்ல உக்காந்திருந்த டெஸ்ட் டிரைவர் மேல. அந்த டிரைவர் போன பாத்துட்டு இருந்ததும் உண்மைதான், 2023ல குற்றத்த ஒத்துக்கிட்டு 3 வருஷம் கண்காணிப்புல இருக்கணும்னு தீர்ப்பாச்சு. இவன் உக்காரப் போறது அதே சீட்டு.

இந்த ரகசிய பேப்பர் விஷயமே அமெரிக்காவுல ஒரு தடவை பெருசா வெடிச்சது. டெஸ்லா 2020 அக்டோபர்ல தன்னோட புல் செல்ஃப் டிரைவிங் பீட்டாவ, அதாவது தானா ஓட்டற சாஃப்ட்வேரோட சோதனை பதிப்ப, சில கஸ்டமர்களுக்கு மட்டும் குடுத்து பொது ரோட்ல ஓட்ட விட்டுச்சு, சேர்ந்தவங்ககிட்ட ரகசிய ஒப்பந்தம் வாங்குச்சு. அது வெளில தெரிஞ்சதும் 2021 அக்டோபர்ல அங்க இருக்கற தேசிய நெடுஞ்சாலை பாதுகாப்பு அமைப்பு டெஸ்லாவுக்கு லெட்டர் எழுதி விளக்கம் கேட்டுச்சு, ஜனங்க குடுக்கற புகார வச்சுத்தான் நாங்க குறைய கண்டுபிடிக்கறோம், அத தடுக்கற, தயங்க வைக்கற எந்த ஒப்பந்தமும் ஏத்துக்க முடியாதுன்னு. அந்த மாசமே டெஸ்லா அந்த ஒப்பந்தத்த எடுத்துருச்சு. அதாவது கார் ஓட்டறவன் வாய மூடறது பாதுகாப்புக்கே கேடுன்னு அரசாங்கமே எழுதியிருக்கு. அதே அமைப்பு அதுக்கு முன்னாடி 2021 ஜூன் 29ல போட்ட உத்தரவுல, விபத்துக்கு முன்னாடி 30 செகண்டுக்குள்ள எப்போவாவது இந்த சிஸ்டம் ஆன்ல இருந்திருந்தா கம்பெனி அத ரிப்போர்ட் பண்ணியே ஆகணும்னு வச்சாங்க. ஏன் 30 செகண்டுன்னா, இடிக்கறதுக்கு ஒரு நொடி முன்னாடி சிஸ்டம் கைய விட்டுட்டு டிரைவர்தான் ஓட்டினாருன்னு சொல்லி தப்பிக்க கூடாது பாருங்க. என்னை ஸ்டேஷன்ல யாரும் சிஸ்டம் ஆன்ல இருந்துச்சான்னு கேக்கல, கேக்கணும்னு அவங்களுக்கு எப்படி தெரியும், சொல்ல வேண்டியவன் நான்தான்.

ரெண்டாவது வழி, போடவே மாட்டேன்னு வேலைய விடறது. மனசாட்சிக்கு சுத்தம். ஆனா பன்னெண்டாயிரம் அதிகம் வர்ற வேலைய விடுன்னு சொல்றது எனக்கு சுலபம், வீட்டு வாடகை கட்டறது அவன். அதோட, யோசிக்கற பையன் வெளில வந்துட்டா அந்த சீட்ல யோசிக்காத ஒருத்தன் உக்காருவான், ரோடு அதேதான், ஸ்கூட்டில வர்றவங்களும் அதே ஆளுங்கதான். அதனால இத கடைசி வழியாத்தான் வைக்கறேன்.

மூணாவது வழி, போட்டுட்டு அப்புறம் எதாவது ஆனா வீடியோ எடுத்து வெளில போடறது. இன்னிக்கு பசங்களுக்கு இதுதான் முதல்ல தோணும். வேணாம். வீடியோல கம்பெனியோட ஸ்க்ரீன், மேப், ரகசியமா இருக்க வேண்டியதும் சேர்ந்து போயிடும், அப்போ கேஸ் போட அவங்களுக்கு நியாயமான காரணத்த நீயே குடுத்த மாதிரி ஆயிடும். அடிபட்டவங்க முகம் ஊரு பூரா சுத்தும், அவங்ககிட்ட யாரு கேட்டா? உன் பேரு மட்டும் கெடும், ஸ்டேஷன் பேப்பர்ல ஒரு எழுத்து மாறாது.

நாலாவது வழி கொஞ்சம் மரியாதையா தெரியற வழி, வெளில பேச வேணாம், கம்பெனிக்குள்ளயே ரிப்போர்ட் பண்ணு, அவங்க பாத்துக்குவாங்க. இதுக்கு எல்லா கம்பெனிலயும் ஒரு மெயில் ஐடி இருக்கும். 2013 கம்பெனி சட்டத்துல 177வது பிரிவு, லிஸ்ட் ஆன கம்பெனிங்க, பேங்க்ல 50 கோடிக்கு மேல கடன் வாங்கின கம்பெனிங்க மாதிரி சிலதுக்கு, குறை சொல்ல ஒரு ஏற்பாடு வச்சே ஆகணும்னு சொல்லுது. ஆனா அது டைரக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும். ஏஜென்சி மூலமா போற பையன் அதுல ஊழியரா இல்லையான்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. 2014ல பாஸ் ஆன தகவல் தெரிவிப்போர் பாதுகாப்பு சட்டம் அரசு ஊழியர்கள் பண்ற தப்ப பத்தினது, தனியார் கம்பெனி டிரைவருக்கு அதுல இடமே இல்ல.

உள்ள சொல்றது கெட்டதில்ல, நான் ரெண்டு தடவை பட்டன் அமுக்கினதும் உள்ள சொன்னதுதானே. ஆனா உள்ள மட்டும் சொன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு ஒரு மலை விபத்தே சாட்சி. 1974 டிசம்பர் 1ம் தேதி, வாஷிங்டன் பக்கம் டிடபிள்யூஏங்கற அமெரிக்க விமான கம்பெனியோட 514ம் நம்பர் விமானம் மழைல, மேகத்துல இறங்கறப்போ ஒரு மலைல மோதி 92 பேரும் இறந்துட்டாங்க. கீழ இருந்து வழிகாட்டற கன்ட்ரோலர் சொன்ன அனுமதிய, இப்போவே கீழ இறங்கலாம்னு பைலட் புரிஞ்சுக்கிட்டாரு. கொடுமை என்னன்னா அதுக்கு ஆறு வாரம் முன்னாடி யுனைடெட்ங்கற இன்னொரு விமான கம்பெனி பைலட்டுங்க அதே இடத்துல அதே மாதிரி புரிஞ்சுக்கிட்டு நூலிழைல தப்பிச்சிருக்காங்க, தங்களோட கம்பெனிக்குள்ள ரிப்போர்ட்டும் பண்ணியிருக்காங்க, யுனைடெட் தன்னோட பைலட்டுங்களுக்கு எச்சரிக்கையும் அனுப்பிடுச்சு. டிடபிள்யூஏ பைலட்டுக்கு யாரு சொல்றது? ஒரு கம்பெனி சுவத்துக்குள்ள நின்னு போன அந்த தகவல்ல 92 உயிர் இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் 1976ல நாசா நடத்தற பொது ரிப்போர்ட் ஏற்பாடு வந்துச்சு. பைலட் தெரியாம பண்ணின தப்ப 10 நாளுக்குள்ள எழுதி அனுப்பினா தண்டனை விதிக்காம விடுவாங்க, பேரெல்லாம் எடுத்துட்டு விஷயத்த மட்டும் எல்லாருக்கும் சொல்லுவாங்க. விபத்தும் குற்றமும் அந்த சலுகைல வராது, அதுவும் சரிதான். ரகசியம்னா அது மாதிரி இருக்கணும், சொல்றவன் பேரு ரகசியம், என்ன நடந்துச்சுங்கறது எல்லாருக்கும் தெரியணும். நம்ம பேப்பர்ல அது அப்படியே தலைகீழா இருக்கு.

கம்பெனி பாத்துக்கும்னு விடறதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. 2023 அக்டோபர் 2, சான் பிரான்சிஸ்கோவுல வேற ஒரு கார் இடிச்ச பொண்ணு க்ரூஸ் கம்பெனியோட டிரைவர் இல்லாத கார் முன்னாடி வந்து விழுந்தாங்க. க்ரூஸ் கார் இடிச்சு நின்னுச்சு, அப்புறம் ஓரமா ஒதுங்கறேன்னு அவங்கள அடில வச்சே 20 அடி இழுத்துட்டு போச்சு. மறுநாள் அதிகாரிங்களுக்கு கம்பெனி வீடியோவ போட்டு காட்டுச்சு, ஆனா இழுத்துட்டு போனத வாயால சொல்லல, வீடியோவே பேசட்டும்னு விட்டாங்க, இன்டர்நெட் வேற சரியா வரல. அந்த மாசம் 24ம் தேதி கலிபோர்னியா போக்குவரத்து துறை அனுமதிய நிறுத்துச்சு. 2024ல அந்த நெடுஞ்சாலை பாதுகாப்பு அமைப்பு 15 லட்சம் டாலர் அபராதம் போட்டுச்சு, தப்பான ரிப்போர்ட் குடுத்ததுக்காக 5 லட்சம் டாலர் கிரிமினல் அபராதமும் கட்டினாங்க, அந்த வருஷ டிசம்பர்ல க்ரூஸோட தாய் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் அந்த டாக்சி திட்டத்துக்கே பணம் போடறத நிறுத்திடுச்சு. விபத்த விட மறைச்சதுதான் அவங்கள சாச்சுதுன்னு நான் நினைக்கறேன். இத கம்பெனிகிட்ட பேசறப்போ சொல்லுடான்னு சொன்னேன், விபத்த வெளில சொல்ல விடறது அவங்களுக்கும் காப்புதான்.

நம்ம ஊர்ல உள் விசாரணைய நம்பி காத்திருந்தா நேரமும் போயிடும். மோட்டார் வாகன சட்டம் 166வது பிரிவுல, விபத்து நடந்து ஆறு மாசத்துக்குள்ள நஷ்ட ஈடு மனு போடணும்னு எழுதியிருக்கு. என் கேஸ்ல நாலு மாசம் போயிடுச்சு, கம்பெனியோட உள் விசாரணை என்ன ஆச்சுன்னு இன்னி வரைக்கும் யாரும் என்கிட்ட சொல்லல, நானும் வேலைய விட்டுட்டேன்.

அஞ்சாவது வழி, திருத்தம் கேட்டு, குடுத்தா போடறது. நான் அக்கா பையனுக்கு சொன்னது இதத்தான். எல்லாரும் பயப்படறது, திருத்தம் கேட்டா வேலை போயிடும்னு. போகலாம். ஆனா கேக்கறது ஒண்ணும் புதுசு இல்ல, சட்டத்துல ஏற்கனவே இருக்கறதத்தான் பேப்பர்ல ஏத்த சொல்றோம். 1988 மோட்டார் வாகன சட்டம் 134வது பிரிவுப்படி ஆளுக்கு அடிபட்டா டிரைவர் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போக வழி பண்ணணும், போலீஸ் கேட்ட தகவல சொல்லணும், போலீஸ் அங்க இல்லன்னா 24 மணி நேரத்துக்குள்ள ஸ்டேஷன்ல சொல்லணும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதி குடுக்கணும். இந்த கடமை கம்பெனி மேல இல்லடா, டிரைவர் மேல, உன் மேல. 1872 ஒப்பந்த சட்டம் 23வது பிரிவு, ஒரு சட்டத்தையே தோக்கடிக்கற மாதிரியோ பொது நலனுக்கு விரோதமாவோ இருக்கற ஒப்பந்தம் செல்லாதுன்னு சொல்லுது. அந்த 5 லட்சம் பயமுறுத்தலும் அப்படியே வாங்கிட முடியாது, 74வது பிரிவுப்படி கோர்ட்டு நியாயமா எவ்வளவோ அதத்தான் தரச் சொல்லும், பேப்பர்ல இருக்கற தொகை அதுக்கு உச்சவரம்பு மட்டும்தான்.

அப்போ செல்லாத வாசகம்தானே, போட்டா என்னன்னு கேட்டான். நல்ல கேள்வி. செல்லாதுன்னு கோர்ட்டு சொல்றது பின்னாடி, ரோட்ல நிக்கறப்போ, போன்ல "அக்ரிமெண்ட் ஞாபகம் இருக்கட்டும்"னு ஒரு குரல் வர்றப்போ உனக்கு எந்த பிரிவும் ஞாபகம் வராது, அஞ்சு லட்சம் மட்டும்தான் ஞாபகம் வரும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. அமெரிக்காவுல பங்குச்சந்தை வாரியம் 2015ல கேபிஆர்ங்கற கம்பெனிக்கு 1,30,000 டாலர் அபராதம் போட்டது இதுக்குத்தான். உள் விசாரணைல பேசினத அனுமதி இல்லாம வெளில சொன்னா நடவடிக்கைன்னு கையெழுத்து வாங்கியிருந்தாங்க. அதனால யாராவது நிஜமாவே புகார் குடுக்காம போனாங்கன்னு ஒரு ஆதாரமும் இல்ல, ஆனாலும் அந்த வாசகம் இருக்கறதே தப்புன்னு அபராதம். கம்பெனியும் அரசாங்கத்துகிட்ட புகார் சொல்றத இது தடுக்காதுன்னு ஒரு வரி சேத்துச்சு. அந்த ஒரு வரிதான் நமக்கும் வேணும்.

சனிக்கிழமை காலைல வீடியோ கால்ல உக்காந்து ரெண்டு பேரும் எழுதினோம், அவன் இங்கிலீஷ்ல மாத்தி மெயில் போட்டான். மூணு வாசகம் கேட்டோம். ஒண்ணு: "இந்த ஒப்பந்தத்தில் உள்ள எதுவும், விபத்து, காயம், பாதுகாப்புக் குறை பற்றி காவல்துறை, மருத்துவர், காப்பீட்டு நிறுவனம், நீதிமன்றம், போக்குவரத்துத் துறை ஆகியோரிடம் நான் உண்மையைச் சொல்வதைத் தடுக்காது. அதற்கு முன் அனுமதி தேவையில்லை. சொன்னதற்காக என் மேல் நடவடிக்கை எடுக்கப்படாது." ரெண்டாவது: "விபத்து நடந்த நேரத்தில் சிஸ்டம் இயங்கியதா, பிரேக்கோ ஸ்டியரிங்கோ தானாக இயங்கியதா என்பதை அடிபட்டவருக்கும் அவர் குடும்பத்துக்கும் சொல்லலாம்." மூணாவது: "விபத்துக்கு முன் 30 நொடி, பின் 30 நொடி பதிவை அழிக்காமல் வைத்து, அதன் பிரதியை 24 மணி நேரத்தில் டிரைவருக்குத் தரவேண்டும்." கோடு, மேப், மாடல் பத்தின மத்த ரகசியம் எல்லாம் அப்படியே இருக்கட்டும்னும் மெயில்ல தெளிவா எழுதச் சொன்னேன், இல்லன்னா இவன் ரகசியமே காக்க மாட்டான்னு நினைச்சுடுவாங்க.

வக்கீல்கிட்ட காட்ட காசு இல்லன்னு நினைக்கறவங்களுக்கு, தாலுக்கா கோர்ட்டுலயே சட்டப்பணிகள் குழு இருக்கு, பெண்கள், எஸ்சி எஸ்டி மக்கள், தொழிலாளிங்க, வருமானம் குறைஞ்சவங்களுக்கு இலவசமா வக்கீல் குடுப்பாங்க, 15100க்கு போன் பண்ணாலும் வழி சொல்லுவாங்க. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி போங்க, போட்டப்புறம் போனா அவங்களுக்கும் கை கட்டின மாதிரி இருக்கும்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலமே பதில் வந்துருச்சு. முதல் வாசகத்துக்கு சரின்னுட்டாங்க, உடனே. அதப் பாத்து எனக்கே ஆச்சரியம், நான் கேக்காம விட்ட ஒண்ணு ஒரு மெயில்ல கிடைக்குதேன்னு மனசு கனத்துப் போச்சு. மூணாவதுல பிரதி தர முடியாது, ஆனா அழிக்காம வைக்கறோம், கோர்ட்டு கேட்டா தர்றோம்னாங்க, அத ஏத்துக்கலாம்னு சொன்னேன். ரெண்டாவதுக்கு மட்டும் லீகல் டீம் பாத்துட்டு சொல்றோம்னாங்க. அடிபட்டவன்கிட்ட சொல்றதுதான் அவங்களுக்கு கஷ்டமா இருக்கு. "மாமா, ஒண்ணு கிடைச்சா போதாதா, போட்டுடவா?"ன்னு கேட்டான். போலீஸ்கிட்ட உண்மைய சொல்ல முடிஞ்சா அடிபட்டவருக்கும் அது பேப்பர்ல போய் சேர்ந்துடும், அதனால ரெண்டாவது வராட்டியும் முதலாவத ஒப்பந்தத்துக்குள்ளயே ஏத்தி, மெயில்ல சொன்னது போதாது, திருத்தின பேப்பர் கைக்கு வந்தா போடு, வரலன்னா போடாத, இந்த மாசம் நான் ஒரு பத்தாயிரம் தர்றேன், வேற தேடலாம்னு சொல்லியிருக்கேன்.

எனக்கு அந்த 3 வருஷம் இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. குன்னூர்ல ஒரு வக்கீல பாத்து பேசினேன், அன்னிக்கு பிரேக் எப்படி விழுந்துச்சு, அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அதே மாதிரி ஆனது, பட்டன் அமுக்கின தேதி, எல்லாம் ரெண்டு பக்கத்துல எழுதி வச்சிருக்கேன். ஸ்கூட்டில வந்தவரு வீடு அரவேணு பக்கம் ஒரு லைன் வீட்டுல. இந்த வாரம் அவருக்கு பகல் ஷிப்டாம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வாங்கன்னு சொல்லியிருக்காரு.